அக்கா எழுப்பிய தகரச் சுவர்

ஒருவர் கேட்காமலே அவருக்காக ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டு, ஆயுள் முழுக்க அவர் அதை உணர வேண்டும் என்று காத்திருந்தால், உணராமல் போனது யார் குற்றம்? கொடுத்தவர் குற்றமா, வாங்கினோம் என்றே தெரியாமல் வாங்கியவர் குற்றமா? அக்காவோடு கொஞ்ச காலம் பழகியவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு சமயத்தில் இதைத் தமக்குள் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவரவர் குணத்துக்குத் தகுந்த பதிலையும் சொல்லிக்கொண்டார்கள். அக்கா மட்டும் இதை ஒரு கேள்வியாகவே நினைத்ததில்லை. அவளுக்கு இதில் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை.

பட்டறையில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்த பெயின்டரும் அக்கா என்றார், முதலாளியும் அக்கா என்றார். மின்சாரப் பெட்டிகள் செய்கிற பட்டறை அது. தகட்டை வெட்டி, மடித்து, வெளிப்பக்கம் சாம்பல் சாயமும் உள்பக்கம் துருப் பிடிக்காமலிருக்கச் செங்கல் நிறத்தில் ஒரு பூச்சும் அடித்து, சுவரோரமாக நிறுத்தி வைத்திருப்பார்கள். வாங்க வருபவர்கள் இங்கே மீட்டர், இங்கே சுவிட்ச், இங்கே சிவப்பு விளக்கு என்று சொன்ன பிறகு, அந்தந்த இடத்தில் துளை போடுவது அக்காவின் வேலை.

மெல்லிய தகடு பொல்லாதது. கனத்த இரும்பு கடைசிவரை இரும்பாகவே நிற்கும். மெல்லிய தகடோ, துளை முடியப்போகிற நேரத்தில் துணியைப்போலச் சுருண்டு டிரில்லின் முனையைக் கவ்விக்கொள்ளும். கவ்வியதும் அதோடு சேர்ந்து சுழலும். சுழலும் தகட்டின் ஓரம் கத்தி. வேலைக்கு வந்த புதிதில் அப்படிச் சுழன்ற ஒரு தகடு அக்காவின் இடது உள்ளங்கையைக் குறுக்காக வெட்டிவிட்டுப் போனது. ரேகை பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஆயுள் ரேகை ரெண்டு" என்றாராம். "ஒண்ணுக்கே வழியைக் காணோம்" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

வெட்டுப்பட்ட பிறகுதான் முறையாகக் கற்றாள். தகட்டுக்குக் கீழே ஒரு பலகை, மேலே ஒரு பலகை வைத்து இறுக்க வேண்டும். டிரில்லின் முனைக்கும் தகட்டுக்கும் நடுவே நாலாக மடித்த பழந்துணியை வைத்து அழுத்தினால், முக்கோணமாகக் கோணிப்போகிற துளைகூட வட்டமாக வரும். பெரிய துளை என்றால் கோட்டின் மேல் வரிசையாகச் சிறு துளைகள் போட்டு, இடைப்பட்ட இழைகளை உளியால் தட்டி, நடுத்துண்டை விழவைத்து, விளிம்பை அரத்தால் ராவ வேண்டும்.

இதற்கெல்லாம் முந்தின விதி ஒன்று உண்டு. அளவு எடுப்பதற்கு முன்பு, எந்தப் பக்கம் வெளியே தெரியப்போகிறதோ அந்தப் பக்கத்தில் சுண்ணக்கட்டியால் 'முகம்' என்று எழுதிவிட வேண்டும். எழுதாமல் தகட்டைப் புரட்டிப்போட்டுவிட்டால், இடது ஓரத்தில் வரவேண்டிய துளை வலது ஓரத்தில் வந்து நிற்கும். பட்டறையில் அதற்குக் 'கண்ணாடித் துளை' என்று பெயர். அப்படிப் போட்டவர்களை அக்கா லேசில் விடமாட்டாள். "முகம் எதுன்னு தெரியாமத்தான் உன்னைப் பெத்து அனுப்பினாங்களா?" என்பாள்.

அவள் வேலைக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அவளே சொல்லியிருந்தாள், பலமுறை. அப்பா இறந்தபோது தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான், இவள் கணக்கு எழுதும் படிப்பில் சேர்ந்திருந்தாள். யாரும் சொல்லாமலே படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறைக்கு வந்தாள். பிறகு பேருந்து நடத்துநர் ஒருவர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். அம்மா வாய் திறப்பதற்குள் அக்காவே, "வேண்டாம், இவனை யாரு பாக்கறது?" என்றாள். "யோசிச்சுச் சொல்லலாமே" என்றாள் அம்மா. "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று வந்தவர்களை வாசல்வரை கொண்டுவிட்டு வந்தாள். அப்போது தம்பி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வந்தவர்கள் யார் என்றுகூட அவனுக்குத் தெரியாது. சில வருடங்கள் கழித்து, புதுச் செருப்பு வாங்குவது பற்றிய ஒரு சண்டையில் அக்கா அந்தக் கதையைத் தூக்கி அவன் முகத்தில் எறிந்தபோதுதான் தெரிந்துகொண்டான். அதிகம் பேசாத பையன். "நான் கேட்டேனா?" என்றான்.

பிறகு அந்த வீட்டில் எந்தச் சண்டையும் அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. சாம்பாரில் உப்பு குறைந்த சண்டையானாலும் சரி, மழையில் நனைந்த துணி பற்றிய சண்டையானாலும் சரி. அக்கா, "உனக்காக நான்..." என்று தொடங்குவாள். தம்பி, "நான் கேட்டேனா?" என்று முடிப்பான்.

அவளைத் தியாகி என்று சொல்லிவிடுவது எளிது. பட்டறையில் சிலர் சொன்னார்கள். அவள் அப்படிப்பட்ட ஆளில்லை. கொடுத்ததை மறக்கிற சுபாவம் அவளிடம் இல்லை. பிறர் மறக்கவும் விடமாட்டாள். ஆனால் அவள் கொடுத்ததெல்லாம் உண்மையாகவே கொடுத்தவை, அதில் ஒரு பொய்யும் கிடையாது.

தம்பி படித்து முடித்து ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான், கல்யாணம் செய்துகொண்டான், அம்மா இறந்தாள். மிச்சமிருந்த மூவரும் ஒரே கூடத்தில் குடியிருந்தார்கள். கிடங்கு ஒன்றுக்கு மேலே, மாடியில் இருந்த நீளக் கூடம். எப்போதோ இரண்டு அலுவலகங்களாக இருந்ததாம். அதனால் நடைபாதைப் பக்கம் இரண்டு கதவுகள். எதிர்ப்புறம் தெருவைப் பார்த்த சுவர். அதில் ஒரு ஓரமாக, ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பக்கத்தில் குழாய். கூடத்தின் நடுவே கயிறு கட்டி ஒரு திரை போட்டிருந்தார்கள். திரைக்கு இந்தப்பக்கம் அக்கா, அந்தப்பக்கம் அவர்கள்.

திரை பார்வையைத்தான் மறைக்கும். அக்கா விடியுமுன் எழுந்து விளக்கைப் போடுவாள். திரையில் அவள் நிழல் ராட்சசி மாதிரி நடமாடும். தம்பி மனைவி ஒருநாள் திரையைப் பார்த்தபடியே, "சினிமாக் கொட்டாயில தூங்கற மாதிரி இருக்கு" என்றாள். தம்பியிடம் சொன்னதுதான். அக்கா திரைக்குப் பின்னாலிருந்து, "டிக்கெட் இல்லாமத்தானே பாக்கறீங்க, பாருங்க" என்றாள்.

சுவர் எழுப்பிவிடலாம் என்று தம்பி ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தான். அவர் தரையைக் குதிகாலால் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "செங்கல் வெச்சா, சுவரு கீழ கிடங்குல போய் உக்காந்துக்கும். நீங்களும் கூடவே போய்ப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தம்பியும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது அக்கா சொன்னாள்: "பட்டறையில கழிச்சுப் போட்ட தகடு கிடக்கு. மரச்சட்டம் அடிச்சு நானே போட்டுத் தரேன்."

"உனக்கு எதுக்குக்கா சிரமம்?" என்றான் தம்பி.

"சிரமத்தைப் பாத்தா இந்த வீட்டுல எதுவும் நடந்திருக்காதுடா."

எது யாருக்கு என்று பிரிக்கும்போதும் அவளே முந்திக்கொண்டாள். "ஜன்னல் பக்கம் நீங்க எடுத்துக்கோங்க. ரெண்டு பேரு இருக்கீங்க, நாளைக்கு மூணாகும்."

"உனக்குக் காத்து வேணாமா?"

"எனக்கு எதுக்குக் காத்து? பகல் பூரா பட்டறையில கிடக்கறவ."

தம்பி ஒரு நிமிடம் ஜன்னலையும் அவளையும் பார்த்தான். பிறகு, "சரி" என்றான். அக்கா ஆணிப்பெட்டியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். அவன் மறுபடியும் ஒருமுறை மறுத்துப் பேசுவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள்.

முதலாளியிடம் கேட்டபோது, "துரு தின்னப்போறதை நீங்க எடுத்துட்டுப் போங்கக்கா" என்றார். ஆள் உயரத் தகடுகள், சாயம் அடித்த பிறகு மடிப்புப் பிசகு தெரிந்து கழித்தவை. துளை விழாத நல்ல தகடுகளாகப் பார்த்து எடுத்தாள். பெயின்டர் வண்டியில் ஏற்ற உதவினார்.

"என்னக்கா, வீட்டுல பெரிய மின்சாரப் பெட்டி செய்யறீங்களா?"

"ஆமா. உள்ள நான்தான் மின்சாரம். தொட்டுப் பாரு, தெரியும்."

சட்டம் அடித்து முடித்ததும், தகட்டை நிறுத்துவதற்கு முன்பு இரண்டு துளைகள் போட வேண்டியிருந்தது. குழாய் அவர்கள் பக்கம் இருந்தது. அதிலிருந்து ஒரு கிளை அக்காவின் பக்கம் வரவேண்டும். மெயின் சுவிட்ச் அக்காவின் பக்கம் இருந்தது. அதிலிருந்து வயர் அவர்கள் பக்கம் போகவேண்டும். வயர் துளை நடைபாதைப் பக்கத்துத் தகட்டில் சிக்கலில்லாமல் முடிந்தது. குழாய்த் துளைக்குத் தம்பி தன் பக்கத்தில் நின்றபடி அளந்து சொன்னான்: தெருச் சுவரை ஒட்டி நிற்கப்போகிற தகட்டில், இடது ஓரத்திலிருந்து ஒரு சாண், தரையிலிருந்து ஒரு முழம்.

அக்கா யோசித்தாள். சாயம் அடித்த பக்கம் தன் பக்கமாக நிற்கப்போகிறது. தகடு கொண்டுவந்தவள் அவள், உழைப்பு அவளுடையது, பளபளப்பு அவளுக்கு என்பது நியாயம்தான். அப்படியானால் அவனுடைய இடது தனக்கு வலது. தகட்டைச் சாயம் மேலே தெரியப் போட்டு, வலது ஓரத்திலிருந்து அளந்து, புள்ளி அடித்து, துணி மடித்து வைத்து, பெரிய துளையாகவே போட்டாள். விளிம்பை ராவி விரலால் தடவிப் பார்த்தாள். பிசிறில்லை. 'முகம்' என்று மட்டும் எழுதவில்லை. சொந்த வீட்டில் யாருக்காக எழுதுவது?

தகட்டைத் தூக்கி நிறுத்தியபோது தம்பி மனைவி அந்தப்பக்கம் வந்து நின்றாள். செங்கல் நிறப் பூச்சு, அங்கங்கே கை ரேகை, எண்ணெய்க் கறை. அவள் எதுவும் சொல்லவில்லை. அவள் முகம்தான் கொஞ்சம் சுருங்கியது. அதை அக்கா சட்டத்தின் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டாள்.

"பிடிக்கலையா? இந்தா, பளபளப்பு உனக்கே" என்று சொல்லி, தகட்டை அப்படியே முன்பின்னாக அரைச் சுற்றுத் திருப்பிச் சட்டத்தில் வைத்து ஆணி அடித்துவிட்டாள். கடைசி ஆணி இறங்கிய பிறகுதான் மூவரும் பார்த்தார்கள். குழாய் ஒரு ஓரத்தில் இருந்தது, துளை மறு ஓரத்தில் இருந்தது.

தம்பி துளையைப் பார்த்தான். குனிந்து அதன் வழியாக அக்காவைப் பார்த்தான். "இடதுன்னுதானே சொன்னேன்?"

"நீ சொன்ன இடத்துலதான் போட்டேன். திருப்பினதுல மாறிப்போச்சு."

"எதுக்குத் திருப்பின?"

"உன் பொண்டாட்டி மூஞ்சி போன போக்கைப் பாத்துத் திருப்பினேன்."

"ஐயோ அண்ணி, நான் வாயையே திறக்கலையே!"

"வாயைத் திறந்தாத்தான் பேச்சா?"

தம்பி நிமிர்ந்தான். "திருப்பச் சொல்லி நான் கேட்டேனா?" என்றான்.

அக்கா டிரில்லை எடுத்தாள். சரியான இடத்தில் இன்னொரு துளை போட்டாள். தவறி நின்ற துளையை, வட்டமாக ஒரு தகட்டுத் துண்டு வெட்டி நாலு ரிவெட் அடித்து மூடினாள். மேல்தளம்வரை மிச்சமிருந்த இடத்தையும் தகடு வைத்து அடைத்தாள். தன் வாழ்நாளில் எத்தனையோ பேரைத் திட்டித் தீர்த்த கண்ணாடித் துளையை, தன் வீட்டில் தன் கையாலேயே போட்டாயிற்று என்பது அவளுக்கு ஆறவில்லை. அதைவிட, துளை சரியாகத்தான் விழுந்தது, நல்ல மனதுதான் அதைக் கெடுத்தது என்பது ஆறவில்லை. மறுநாள் பட்டறையில் ஒரு காரணமும் இல்லாமல் பெயின்டரோடு சண்டை போட்டாள்.

தகரச் சுவர் திரையைவிட மோசம் என்பது சீக்கிரமே தெரிந்தது. ஒரு பக்கம் கரண்டி விழுந்தால் மறுபக்கம் இடி இடித்தது. யாராவது முதுகைச் சாய்த்தால் தகடு வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு 'டொம்' என்றது. அவர்கள் கிசுகிசுப்பாகப் பேசப் பழகினார்கள். அக்காவுக்குக் கிசுகிசுப்பதற்கு ஆள் இல்லாததால் வாயை மூடப் பழகினாள். ஆனால் வெயில் காலம் வந்தபோது மூடியிருக்க முடியவில்லை. ஜன்னல் இல்லாத பாதிக் கூடம், மேலே கொதிக்கிற தளம், பக்கத்தில் தகடு. கதவைத் திறந்து வைத்தால் நடைபாதையில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். சுவரின் மேல்பகுதியில், கைக்கு எட்டுகிற உயரத்தில், சின்னதாக ஒரு திறப்பு இருந்தால் ஜன்னல் காற்று இந்தப்பக்கமும் வரும். அக்காவுக்கு அது ஒரே காலையில் முடிகிற வேலை.

அவள் அதைச் சொல்லவும் செய்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே, பாத்திரத்தைப் பார்த்து: "மனுஷி மூச்சு விடறதுக்கு ஒரு ஓட்டை இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

அந்தப்பக்கத்திலிருந்து தம்பி மனைவி தன்னுடைய பாத்திரத்திடம் சொன்னாள்: "ஓட்டை வெச்சா கண்ணு வரும். கண்ணு வந்தா பின்னாடியே வாயும் வரும்."

தம்பி செய்தித்தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. அக்கா கைகளைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இன்னொரு பக்கம் புரளும் சத்தம்தான் கேட்டது.

"என்னக்கா, முகம் வெந்துபோன மாதிரி இருக்கு?" என்றார் பெயின்டர் ஒருநாள். அக்கா சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். "கையில டிரில் இருக்கு, வெட்டிட்டுப் போகவேண்டியதுதானே? பாதிச் சுவரு உங்களோடதுதானே?"

"முழுச் சுவரும் என்னோடதுதான். அவன் வாயால சொல்லட்டும்."

"அவன்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்கணுமா? அவனுக்குக் காது இல்லையா?"

"அழுத பிள்ளைக்குத்தான் பாலுன்னு சொல்லுவாங்க."

"அழுதுதான் குடிக்கணும்னா அந்தப் பாலு எனக்கு வேண்டாம், பெயின்டரே. நீயே குடி."

இது பெருமையா பிடிவாதமா என்று பிரிப்பது கடினம். அவளுக்கு வேண்டியிருந்தது காற்று. அதைவிட அதிகமாக வேண்டியிருந்தது, 'அக்கா, உனக்குக் காத்து இல்லையே, வெட்டிக்கோ' என்று அவன் தானாக வந்து சொல்வது. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு சின்னப் பொருளில், கேட்காமல் அவளுக்குக் கிடைக்க வேண்டும். எல்லோருக்கும் அவள் அப்படித்தானே கொடுத்தாள். பிறர் மனதில் இருப்பதை முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வது தன் ஒருத்தியின் பழக்கம், உலகத்தின் விதியில்லை என்பது அவளுக்குப் படவே இல்லை. படாமலே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் வேர்க்குரு. சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் தினமும் பாத்திரத்திடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு பிற்பகல் துளை போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே மெஷின் மேல் சாய்ந்துவிட்டாள். நல்லவேளை, பெயின்டர் சுவிட்சை அணைத்தார். வண்டி பிடித்து வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டு, மருந்துக்கடைக்கும் சொல்லி அனுப்பினார்.

தம்பி ஒரு பையில் மாத்திரையும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு வந்தான். சுவர் வைத்த பிறகு அவன் அந்தப் பாதிக்கு வருவது அதுதான் முதல் தடவை. நின்ற நிலையிலேயே சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான். தகட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தான்.

"இது என்னக்கா, அடுப்புக்குள்ள இருக்கற மாதிரி இருக்கு?"

"இப்பத்தான் தெரியுதா? தினமும்தான் சொல்றேன்."

"யார்கிட்ட சொன்ன?"

அக்கா சுவரைப் பார்த்தாள்.

"தகட்டுக்கிட்ட சொன்ன. பாத்திரத்துக்கிட்ட சொன்ன. அவளைக் குத்தற மாதிரி சொன்ன. என்கிட்ட கேட்டியா?" அவன் குரலை உயர்த்தவில்லை. தம்ளரில் உப்புச் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கிக்கொண்டே பேசினான். "அன்னிக்கு நான் கேட்டேன், காத்து வேணாமான்னு. வேண்டாம்னு சொன்ன. நீ ஒண்ணை வேண்டாம்னு சொன்னா, அது வேணும்னு நான் புரிஞ்சுக்கணுமா? சின்ன வயசுலேர்ந்து எனக்கு அது வரலக்கா. என்னிக்காவது, எதையாவது, என்கிட்ட நீ கேட்டிருக்கியா?"

அக்கா கையை நீட்டினாள். தம்ளரை வாங்கிக் குடித்தாள். கீழே வைத்தாள். கடைசியில் கேட்டபோது அவள் குரல் அவளுக்கே பழக்கமில்லாததாக இருந்தது.

"மேல... ஒரு ஓட்டை வெட்டிக்கட்டுமாடா?"

"வெட்டிக்கோ" என்றான் தம்பி. மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்த்துக்கொண்டிருந்தான். "எவ்வளவு பெருசா வேணுமோ வெட்டிக்கோ. இதுக்குப் போயா இத்தனை நாளு?"

அவ்வளவுதான். அவன் போன பிறகு அக்கா மேல்தளத்தைப் பார்த்தபடி கிடந்தாள். சுவரில் முட்டி மண்டை உடைந்தவர்களுக்கு, சுவர் ஒன்று இருந்தது என்ற ஆறுதலாவது மிஞ்சும். இவள் இத்தனை காலம் முட்டிக்கொண்ட இடத்தில் எதுவும் இருக்கவில்லை. கேட்டால் கிடைத்திருக்கும். இது மட்டுமா, மற்றதும் கேட்டால் கிடைத்திருக்குமோ? யோசிச்சுச் சொல்லலாமே என்று அம்மா சொன்னாளே, அது உனக்கு வேண்டியதைக் கேள் என்று சொன்னதுதானோ? அவள் அதற்குமேல் நினைக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, அந்தப்பக்கத்துக்குக் கேட்கட்டும் என்றே, தகட்டில் கையை ஓங்கி ஒரு அடி அடித்தாள். கூடமே அதிர்ந்தது.

விடுமுறை நாளன்று காலையில் வெட்டினாள். நிற்கிற தகட்டில் துளை போடுவது படுத்த தகட்டைவிடக் கஷ்டம். பின்னாலிருந்து ஒருவர் பலகையை அழுத்திப் பிடிக்காவிட்டால் தகடு உதறும். தம்பி அந்தப்பக்கம் முக்காலி மேல் ஏறி நின்று பலகையைப் பிடித்தான்.

"நல்லா அழுத்துடா, கல்யாண வீட்டுல மோர் ஊத்தற மாதிரி நிக்காதே."

"அழுத்திக்கிட்டுத்தான் இருக்கேன். என் கையில இறக்கிடாதே."

"உன் கையில இறக்கணும்னா பதினஞ்சு வருஷம் முன்னாடியே இறக்கியிருப்பேன்."

தம்பி மனைவி கீழே நின்று சிரித்தாள். கோட்டின் மேல் வரிசையாகத் துளைகள் விழுந்தன. இரும்புச் சுருள்கள் அக்காவின் முன்கையில் ஒட்டிக்கொண்டன. அவள் அழுத்தும்போதெல்லாம் அந்தப்பக்கத்துப் பலகை எதிர்த்து அழுத்துவது டிரில் வழியாக அவள் தோளுக்குத் தெரிந்தது. உளியால் இழைகளைத் தட்டினாள். நடுத்துண்டு பெயர்ந்து விழுந்தது. ஜன்னல் காற்று, நேராக அவள் முகத்தில் வந்து பட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது திறப்புக்கு அப்பால் தம்பியின் முகம் வியர்த்து, முடியில் தகரத் தூளோடு தெரிந்தது. அவன் இறங்கிப் போனான்.

நாலு விளிம்பையும் ராவினாள். பிறகு குறட்டால் ஒரு விரல் அகலத்துக்கு மடக்கித் தட்டினாள், யார் கை வைத்தாலும் கீறாமல் இருக்க. மிச்சமிருந்த தகட்டில் திறப்பைவிடச் சற்றுப் பெரிய துண்டு வெட்டி, கீல் வைத்து, ஒரு மூடியும் செய்தாள். மழைக்காலத்திலும் குளிரிலும் சாத்திக்கொள்ளத் தேவைப்படும். அதற்கு ஒரு சின்னத் தாழ்ப்பாளும் பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்தாள்.

தாழ்ப்பாளையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு அக்கா தன் கதவைத் திறந்து, நடைபாதை வழியாகச் சுற்றி வந்து, அவர்கள் கதவைத் தட்டினாள். தம்பி மனைவி வழிவிட்டாள். அக்கா முக்காலியில் ஏறி, சாயம் அடித்த பளபளப்புப் பக்கத்தில், தாழ்ப்பாளை வைத்துத் திருகினாள்.

"அண்ணி, தாழ்ப்பாள் உங்க பக்கம்தானே இருக்கணும்? உங்க ஓட்டைதானே?"

அக்கா திருப்புளியை வாயில் கவ்வியிருந்தாள். தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போனது.

"அக்கா, என்ன இது?" என்றான் தம்பி. "நாங்க சாத்திட்டா நீ எப்படித் திறப்ப?"

அவள் முக்காலியிலிருந்து இறங்கி, அதைத் துடைத்து, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். தரையில் விழுந்திருந்த இரும்புச் சுருள்களை உள்ளங்கையால் கூட்டி அள்ளிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். அவள் பக்கத்தில் அந்த மூடிக்கு இழுத்துத் திறக்க ஒரு பிடிகூட இல்லை. சாத்திவிட்டால், ஒன்று அவள் கேட்க வேண்டும், இல்லை அவர்களாகத் திறக்க வேண்டும். பெயின்டர் கேட்டார், முதலாளி கேட்டார், தம்பி மனைவி இன்னும் இரண்டொரு தடவை கேட்டாள். ஏன் அப்படி வைத்தாள் என்று அக்கா யாருக்கும் சொல்லவில்லை.